குப்பைக்காக ஒரு யுத்தம்!

எங்கள் தெருவில் போன மாதம் ஒரு கூட்டம் நடந்தது. குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். விவாதப் பொருள்: குப்பைத் தொட்டி.

தெருவுக்குப் பெரிய தொட்டி ஒன்று வேண்டும் என்பதில் அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் ஒரே கருத்து. "சரி, எங்கே வைக்கலாம்?" என்று தலைவர் கேட்டார் பாருங்கள்... அப்புறம் ஹாலில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான். என் வாசலில் பிள்ளையார் இருக்கிறார், என் மாமியாருக்கு ஆஸ்துமா, என் காரைத் திருப்ப இடம் போதாது என்று ஆளுக்கொரு காரணம். முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் எழுந்தார். "அந்த வேப்பமரத்துக்குக் கீழ வெச்சுடலாமே சார்!" என்றார். உடனே கைதட்டல். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. வேப்பமரத்தடியில்தான் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வண்டி போட்டிருக்கிறார். காலை ஏழு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை அவர் நிற்கிற இடம் அது. அவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவும் இல்லை.

இதே கூட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். தெருவுக்குப் பதில் ஒரு கோடி மக்களைத் தாண்டிய தலைநகரம். வேப்பமரத்துக்குப் பதில் ஒரு கடலோரம். இஸ்திரிக்காரருக்குப் பதில் ஒரு வார்டே. அந்த வார்டு ஒருநாள் பொறுமை இழந்து, நடுரோட்டில் நின்று குப்பை லாரிகளை மறித்தது. ஜப்பான் சரித்திரத்தில் இதற்கு 'டோக்கியோ குப்பைப் போர்' என்றே பெயர். வேடிக்கையாக யாரோ வைத்த பெயரில்லை. டோக்கியோவின் ஆளுநரே மன்றத்தில் எழுந்து நின்று பிரகடனம் செய்த போர்!

* * *

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம்.

டோக்கியோவின் மையப் பகுதியில் 23 வார்டுகள் இருக்கின்றன. நம் ஊர் வார்டு மாதிரி ஒரே ஒரு கவுன்சிலர் கவனிக்கிற சமாசாரம் இல்லை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு நகராட்சி. தனி மன்றம் உண்டு, தனி மேயர் உண்டு. ஆனால் 1970-களில் குப்பையை அள்ளுவதும் எரிப்பதும் கொட்டுவதும் வார்டுகளின் கையில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெருநகர அரசுதான் பார்த்துக்கொண்டது. அதன் தலைவர் ஆளுநர். ராஜ்பவன் கவர்னர் மாதிரி நியமனம் ஆனவர் அல்ல, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். குப்பை எங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பது மேலே, அதன் நாற்றம் அடிப்பது கீழே. சண்டையின் ஆணிவேர் இதுதான்.

இந்த 23-ல் இரண்டு வார்டுகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே, கடலை ஒட்டித் தாழ்வான நிலத்தில் இருப்பது கோட்டோ. தொழிற்சாலைகள், மரக்கிடங்குகள், கால்வாய்கள், உழைப்பாளி ஜனங்கள். மேற்கே, மேட்டு நிலத்தில் இருப்பது சுகினாமி. தோட்டம் வைத்த வீடுகள், படித்த நடுத்தர வர்க்கம், எழுத்தாளர்கள், பேராசிரியர்கள்.

கோட்டோவுக்கும் குப்பைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1655-ல், ஷோகன் அரசு ஓர் உத்தரவு போட்டது. நகரத்துக் குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது, படகில் ஏற்றிப் போய் எய்தாய் என்ற கடலோரத்தில்தான் கொட்ட வேண்டும் என்று. அந்த இடம் இருப்பது இன்றைய கோட்டோவில். 1927-ல் கோட்டோவின் இன்னொரு கடலோரத்தில் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். அது 1962 வரை நடந்தது. நடுவில் 1945 மார்ச் 10-ம் தேதி ராத்திரி அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கொன்றனவே, அதில் மிகக் கொடுமையாக எரிந்த பகுதிகளில் ஒன்றும் இதுதான். யுத்தமும் கோட்டோவை விட்டுவைக்கவில்லை, குப்பையும் விட்டுவைக்கவில்லை.

அங்கே கடலில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய ஒரு திட்டு இருந்தது. யுத்தத்துக்கு முன் விமான நிலையம் கட்டுவதற்காக ஆரம்பித்து, யுத்தத்தால் நின்றுபோன வேலை. 1947-ல் யாரோ அதைக் கடல் குளியலுக்கான கடற்கரையாக மாற்றினார்கள். ஜனங்கள் ஆசையாக வைத்த பெயர் யுமெனோஷிமா. தமிழில் சொன்னால், 'கனவுத் தீவு'.

கனவு சில வருடங்கள்கூடத் தாங்கவில்லை. குளியல்துறையை மூடினார்கள். 1957 முதல் கனவுத் தீவில் குப்பை விழ ஆரம்பித்தது.

* * *

அந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். ஜப்பான் அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் உறை, டின். 1964 அக்டோபரில் ஒலிம்பிக்ஸ் வேறு. உலகம் பார்க்கப் போகிறதே என்று தெருக்களைத் துடைத்து மெழுகினார்கள். துடைத்து எடுத்த அழுக்கு எங்கே போயிற்று என்று உலகமும் கேட்கவில்லை, டோக்கியோவும் கேட்கவில்லை.

அது கோட்டோவுக்குத்தான் போயிற்று. போதுமான எரிக்கும் ஆலைகள் இல்லை. அதனால் சமையலறைக் கழிவு, மீன் தலை, அழுகிய காய்கறி எல்லாம் அப்படியே, பச்சையாக, கடலோரத்தில் கொட்டப்பட்டது.

1965 கோடையில் கோட்டோவுக்கு ஈ வந்தது.

ஒன்றிரண்டு ஈ இல்லை, மேகம் மேகமாக வந்தது. கனவுத் தீவில் பெருகிய ஈக்களைக் கடல் காற்று கொண்டுவந்து கோட்டோவின் தெற்குப் பகுதி வீடுகளில் கொட்டியது. சோற்றுக் கிண்ணத்தில் ஈ, குழந்தையின் முகத்தில் ஈ. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஈ அடித்தார்கள். வேலை வெட்டி இல்லாதவனைப் பார்த்து 'ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான்' என்போமே, அங்கே அதுதான் முழுநேர வேலையாகிவிட்டது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் ஜூலை 16-ம் தேதி, தீயணைப்புப் படையையும் தற்காப்புப் படையையும் சேர்த்துக்கொண்டு, குப்பைமேட்டின் மீது எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஈயைக் கொல்லத் தீவையே எரித்த கதை!

ஒலிம்பிக்ஸ் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கனவுத் தீவு 1967-ல் நிரம்பியது. நிம்மதி என்று நினைத்தீர்களா? பக்கத்திலேயே இன்னொரு திட்டை 1965-லேயே தொடங்கிவிட்டார்கள். இதுவும் கோட்டோவின் வாசலில்தான். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எரிக்கும் ஆலைகளைக் கட்டிவிடுவோம், 1970-க்குப் பிறகு பச்சைக் குப்பை வராது" என்று பெருநகர அரசு சமாதானம் சொன்னது. 1970 வந்தது, போனது. ஆலைகள் வரவில்லை. 23 வார்டுகளின் குப்பையில் ஏறக்குறைய 70 சதவிகிதம் அப்போதும் கோட்டோவுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 5,000 லாரிகள். வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போகும் கழிவுநீர். வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாது, துணி காயப்போட முடியாது, ரோட்டைத் தாண்ட முடியாது.

நான் படித்தது பி.காம். முதல் வருடமே எங்கள் தலையில் ஏற்றிய பாடம், ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்பது. குப்பை விஷயத்திலும் அதே கணக்குதான். சுகினாமியில் ஒரு வீட்டுக்காரம்மா காலையில் வாளியை வாசலில் வைக்கிறார். மாலையில் வாளி காலி. அவருடைய பேரேட்டில் 'சுத்தம்' என்று ஒரு வரவு விழுந்துவிட்டது. அதற்கான பற்று எங்கே விழுகிறது? முப்பது கிலோமீட்டருக்குள், கோட்டோவில், அவர் பார்த்தே இராத ஓர் அம்மாவின் பேரேட்டில். இரண்டு பேரேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆடிட்டர் மட்டும் யாரும் இல்லை.

1971-ல் கோட்டோ அந்த ஆடிட்டர் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

* * *

அந்த வருடம் பெருநகர அரசு மறுபடியும் வந்து நின்றது. "இன்னும் சில வருடங்கள் கொட்டிக்கொள்கிறோமே..."

கோட்டோ மன்றம் ஆவேசமாகக் கத்தியிருக்கலாம். அதற்குப் பதில் ஒரு காரியம் செய்தது. மற்ற வார்டுகள் அனைத்துக்கும் பகிரங்கக் கடிதம் எழுதியது. கேள்விகளின் சாரம் இதுதான்: அவரவர் குப்பையை அவரவர் வார்டிலேயே முடித்துக்கொள்வது என்ற கொள்கையை ஏற்கிறீர்களா? உங்கள் வார்டில் எரிக்கும் ஆலை கட்டச் சம்மதிப்பீர்களா? சரியான பதில் இல்லையென்றால், உங்கள் லாரிகளை உள்ளே விட மாட்டோம்.

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. என் தெரு இஸ்திரிக்காரர் வீடு வீடாக வந்து கதவைத் தட்டி, "தொட்டியை உங்க வாசல்ல வெச்சுக்கிறீங்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி!

அப்போது ஆளுநராக இருந்தவர் மினோபே ரியோகிச்சி. பொருளாதாரப் பேராசிரியர். என்ஹெச்கே தொலைக்காட்சியில் பொருளாதாரத்தைச் சுவையாக விளக்கிப் பிரபலமானவர். 1967-ல் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் கட்சிகளின் ஆதரவோடு ஜெயித்தவர். மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதே தன் பாணி என்று சொன்னவர். 1971 செப்டம்பர் 28-ம் தேதி அவர் பெருநகர மன்றத்தில் எழுந்து, குப்பை நெருங்கி வந்து நகரத்தின் வாழ்க்கையையே மிரட்டுகிறது என்று எச்சரித்து, 'குப்பைப் போர்' பிரகடனம் செய்தார். கோட்டோவின் கோரிக்கை நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். இனி வார்டுக்கு ஓர் ஆலை என்பதுதான் லட்சியம் என்றார்.

பத்திரிகைகள் கொண்டாடின. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் சங்கக் கூட்டம் ஞாபகம் வருகிறதா? அடுத்த கேள்வியில்தான் ஃபேன் சத்தம் கேட்கும். எங்கே வைப்பது?

* * *

சுகினாமிக்கான இடம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. 1966 நவம்பரில், மினோபேக்கு முந்தைய ஆளுநர் காலத்தில், தகாய்தோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எரிக்கும் ஆலை வரும் என்று பெருநகர அரசு திடீரென்று அறிவித்தது. அங்கே குடியிருந்தவர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு எந்த இடங்களைப் பரிசீலித்தீர்கள், இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் திருப்தியான பதில் இல்லை. நிலம் கொடுக்காவிட்டால் சட்டப்படி பிடுங்கிக்கொள்வோம் என்ற மிரட்டல் மட்டும் இருந்தது.

உடனே எதிர்ப்புச் சங்கம் உருவானது. வழக்கு, ஊர்வலம், மறியல். ஒன்றல்ல இரண்டல்ல, எட்டு வருடங்கள்.

இங்கே நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். 'பணக்கார வார்டு... தன் குப்பையை ஏழை வார்டில் கொட்டிவிட்டுத் தன் வாசலில் மட்டும் ஆலை கூடாதாம். என்ன சுயநலம்!' டோக்கியோவில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இதே சுகினாமிக்கு வேறொரு சரித்திரம் உண்டு. 1954 மார்ச் 1-ம் தேதி, பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் 'ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்' என்று பெயர் கொண்ட ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. 23 மீனவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அணுகுண்டுக்கு எதிராக ஜப்பான் முழுக்கப் பரவி, 3 கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைச் சேர்த்த இயக்கத்துக்குப் பெரும் உந்துதல் தந்தது எந்த ஊர் என்கிறீர்கள்? சுகினாமி! அங்கே ஒரு பொது மண்டபத்தில் கூடிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த சாதாரண இல்லத்தரசிகள் முன்னால் நின்று நடத்திய இயக்கம் அது. அடுத்தவர் துயரத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய ஜனங்களைச் சுயநலக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் படகு என்ன ஆயிற்று தெரியுமா? சில காலம் மாணவர்களின் பயிற்சிக் கப்பலாக ஓடியது. 1967-ல் பழைய இரும்புக்காரருக்கு விற்றார்கள். அவர் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு மரக்கூட்டை வீசிவிட்டுப் போன இடம்... கோட்டோவின் கனவுத் தீவு. எந்தப் படகுக்காக சுகினாமி உலகத்தின் மனசாட்சியைத் தட்டியதோ, அதே படகு சுகினாமியின் குப்பை வந்து விழுந்த அதே வட்டாரத்தில் சேற்றில் மூழ்கிக் கிடந்தது. 1968-ல் ஓர் இளைஞர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம்தான் அதைக் காப்பாற்றியது.

நல்ல மனசு வேறு, கணக்கு வேறு. பசிபிக் கடலில் நடந்த அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்து வார்டுகளைத் தாண்டி நடந்தது தெரியவில்லை. காரணம், குப்பை லாரி திருப்பத்தில் மறைந்த பிறகு எங்கே போகிறது என்று பார்க்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை.

கோட்டோ பார்க்க வைத்தது.

* * *

1972 டிசம்பர். நமக்குப் போகி மாதிரி, ஜப்பானியர்கள் புத்தாண்டுக்கு முன் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வார்கள். குப்பை மலையாகக் குவியும். அதைச் சமாளிக்க சுகினாமியில் தற்காலிகச் சேகரிப்பு மையங்கள் அமைக்கப் பெருநகர அரசு ஏற்பாடு செய்தது. ஒரு பூங்காவில் வேலை தொடங்கியபோது சுற்றியிருந்தவர்கள் திரண்டு வந்து தடுத்தார்கள். ஆலையும் கூடாது, தற்காலிகத் தொட்டியும் கூடாது!

செய்தி கோட்டோவுக்கு எட்டியது. டிசம்பர் 22-ம் தேதி, சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளை மட்டும் கோட்டோ வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மற்ற வார்டு லாரிகள் போகலாம், சுகினாமி மட்டும் திரும்பு! அன்றைக்கு ஆளுநர் தரப்பு ஓடிவந்து உறுதிமொழி கொடுத்து அமைதிப்படுத்தியது.

உறுதிமொழிக்கு ஆயுள் ஐந்து மாதம். 1973 மே மாதம், இடத்தை இறுதி செய்யக் கூட வேண்டிய பேச்சுவார்த்தைக் கூட்டம் சுகினாமி எதிர்ப்பாளர்களால் குலைந்தது. மே 22-ம் தேதி கோட்டோ மறுபடி சாலைக்கு வந்தது. வார்டின் மேயர் கோமட்சுஸாகி குன்ஜியே முன்னால் நின்றார். வார்டு மன்ற உறுப்பினர்களும் ஊழியர்களும் லாரி லாரியாகப் பார்த்து, சுகினாமிக் குப்பை என்றால் திருப்பினார்கள். ஒரு மேயர் நடுரோட்டில் நின்று குப்பை லாரியை மறிக்கிறார் என்றால், அந்த ஊரின் வயிறு எவ்வளவு எரிந்திருக்க வேண்டும்!

சுகினாமியின் அழகான தெருக்களில் குப்பை குவிய ஆரம்பித்தது. மே மாத வெயில், நாற்றம், ஈ. எட்டு வருடங்களுக்கு முன் கோட்டோவின் பிள்ளைகள் வகுப்பறையில் அனுபவித்த காட்சியின் ஒரு சின்ன டிரெய்லர். சில நாட்களில் மறியல் விலக்கப்பட்டது. ஆனால் அந்தச் சில நாட்கள், மூன்று நூற்றாண்டுகளாக எழுதப்படாத பற்றை எழுதிவிட்டன.

மறியல் சரியா? சட்டத்தைக் கேட்டால் புருவத்தை உயர்த்தும். குப்பை அள்ளுவது பெருநகர அரசின் வேலை, தடுக்க ஒரு வார்டு யார்? இன்னொரு பக்கம், எதிர்த்த ஒரு சின்னக் கூட்டத்துக்காக சுகினாமி முழுவதையும் தண்டிப்பது நியாயமா? இதெல்லாம் அன்றைக்கே கேட்கப்பட்ட கேள்விகள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கோட்டோவும் தகாய்தோவும் ஒன்றுக்கொன்று எதிரிகள் போலத் தெரிந்தாலும், இருவர் புகாரும் ஒன்றே. 'எங்களைக் கேட்காமல் எங்கள் தலையில் ஏன் கட்டினீர்கள்?' ஒருவரைக் கேட்காமல் 1655-லிருந்து கட்டினார்கள், மற்றவரைக் கேட்காமல் 1966-ல் கட்டப் பார்த்தார்கள். கேட்காமல் கட்டிய கை மட்டும் மேலே, பத்திரமாக இருந்தது.

* * *

போர் எப்படி முடிந்தது?

1974 நவம்பர் 25-ம் தேதி, டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் பெருநகர அரசும் தகாய்தோ தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள். ஆலை தகாய்தோவிலேயே வரும். ஆனால் பழைய மாதிரி இல்லை. கட்டுவதிலும் நடத்துவதிலும் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பேசும் குழு இருக்கும். புகைக்குக் கடுமையான கட்டுப்பாடு. குப்பை லாரிகள் குடியிருப்புத் தெருக்களில் வரிசை கட்டாமல், பெரிய சாலையிலிருந்து சுரங்கப்பாதை வழியாக உள்ளே போகும். உயரமான புகைபோக்கி, 160 மீட்டர். ஆலையின் வெப்பத்தில் பக்கத்திலேயே பொதுமக்களுக்கு வெந்நீர் நீச்சல் குளம்.

யோசித்துப் பாருங்கள். 1966-லேயே அந்த ஜனங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருந்தால்? ஆலை கட்டி முடிந்தது 1982 கடைசியில். அறிவிப்பிலிருந்து 16 வருடம்! அதில் பாதி வருடங்கள், கூப்பிட்டுப் பேசாததற்குக் கட்டிய வட்டி. முதலுக்குச் சமமாக வட்டி வளர்ந்த கடன் இது.

இன்னொரு விஷயம். வார்டு மேயர்களை 1952-லிருந்து மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தது. வார்டு மன்றம்தான் தேர்வு செய்யும். 1975-ல் நேரடித் தேர்தல் திரும்பியது. குப்பை அள்ளும் பொறுப்பு 2000 ஏப்ரலில் வார்டுகளுக்கே வந்தது. எரிக்க 23 வார்டுகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. 1997 வாக்கில் எரியக்கூடிய குப்பை எல்லாவற்றையும் எரித்துவிடும் நிலையை டோக்கியோ எட்டியது. பச்சைக் குப்பை கடலோரத்தில் விழுவது நின்றது.

'சுபம்' போட்டுவிடலாமா? கூடாது. வார்டுக்கு ஓர் ஆலை என்ற லட்சியம் கடைசி வரை முழுதாக நிறைவேறவில்லை. குப்பை குறைந்துவிட்டது என்று சொல்லி 2003-ல் மிச்சமிருந்த சில வார்டுகளின் ஆலைத் திட்டங்களைக் கைவிட்டார்கள். இன்றும் ஆலை இல்லாத வார்டுகளின் குப்பை அடுத்த வார்டில்தான் எரிகிறது.

எதிர்த்தவர்களின் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்றும் ஒதுக்க முடியாது. அதே சுகினாமியின் வேறொரு மூலையில், எரியாத குப்பையை அமுக்கி ஏற்றும் நிலையம் ஒன்று 1996-ல் திறந்தது. சுற்றியிருந்தவர்களுக்குக் கண் எரிச்சல், தொண்டை வலி, தலைவலி. 'சுகினாமி நோய்' என்றே பெயர் வந்துவிட்டது. எல்லாம் பிரமை என்றார்கள். 2002-ல் மத்திய அரசின் ஆணையம், ஆரம்ப மாதங்களில் வந்த பாதிப்புக்கு அந்த நிலையத்திலிருந்து வந்த வாயுவே காரணம் என்று சொன்னது. 2009-ல் நிலையத்தை மூடினார்கள். 'எல்லாம் பாதுகாப்பானதுதான், நீங்கள் பேசாமல் இருங்கள்' என்று யாராவது சொன்னால், பேசாமல் இருக்கக்கூடாது என்பதற்கு இது சாட்சி.

* * *

கதைக்கு ஒரு வேடிக்கையான வால் உண்டு.

1973-லிருந்து குப்பையும் மண்ணும் கொட்டிக் கொட்டி டோக்கியோ விரிகுடாவில் ஒரு பெரிய நிலப்பரப்பு உருவானது. சுமார் 500 ஹெக்டேர். குப்பைமேட்டின் மீது மண் போட்டு மரம் நட்டார்கள். 2020 ஒலிம்பிக்ஸ், கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நடந்ததே, அதில் படகுப் போட்டி நடந்தது இங்கேதான். சரக்கு முனையங்களும் வந்துவிட்டன. நிலத்துக்கு மதிப்பு ஏறியது. உடனே, 'இது என் நிலம்' என்று சண்டை! ஆரம்பத்தில் ஐந்து வார்டுகள் உரிமை கொண்டாடின. 2002-ல் மூன்று விலகின. கடைசியில் கோட்டோவும் ஓட்டா வார்டும் களத்தில் நின்றன. 'குப்பை நாற்றத்தைத் தாங்கியவர்கள் நாங்கள்' என்றது கோட்டோ. 'கடல்பாசி வளர்த்துப் பிழைத்த எங்கள் மீனவர்கள் அந்தக் கடலை விட்டுக்கொடுத்தார்களே' என்றது ஓட்டா. 2019 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கோட்டோவுக்கு 79.3 சதவிகிதம், ஓட்டாவுக்கு 20.7.

குப்பை வரும்போது யாருக்கும் வேண்டாம். நிலமாக மாறிய பிறகு எல்லோருக்கும் வேண்டும்!

கனவுத் தீவு இப்போது பூங்கா. ஒலிம்பிக்ஸ் வில்வித்தை அங்கேதான் நடந்தது. பக்கத்து எரிக்கும் ஆலையின் வெப்பத்தில் ஒரு கண்ணாடி மாளிகைக்குள் வெப்பமண்டலச் செடிகள் வளர்கின்றன. 'ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்' 1976 முதல் அங்கே ஒரு காட்சிக்கூடத்தில் பத்திரமாக நிற்கிறது. தகாய்தோவின் பழைய ஆலையை இடித்துவிட்டு 2017-ல் புதிதாகக் கட்டினார்கள். அங்கே ஆலையின் வெந்நீரில் நீங்கள் கால் நனைத்துக்கொண்டு உட்காரலாம். எதிர்த்து நின்ற அதே இடத்தில், ஆலைக்குள்ளேயே, குப்பைப் போருக்கு ஒரு சரித்திரக் கூடம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். யார் யாரிடம் கேட்காமல் விட்டார்கள், அதனால் எத்தனை வருடம் போயிற்று என்பதை ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்கு மறைக்காமல் காட்டுகிறது.

நேற்று இஸ்திரிக்காரரிடம் போனேன். தொட்டி இன்னும் வரவில்லை. "அடுத்த ஞாயிறு கூட்டம் இருக்கு, நீங்க வரணும்" என்றேன்.

"நான் வந்து என்ன சார் சொல்லப் போறேன்?" என்று சிரித்தார்.

"இந்த மரத்தடியில தொட்டி வைக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "முடிவு பண்ணப்போ நீங்களும் இருந்தீங்களா சார்?"

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?